கடைமடைக்கும் எட்டிய குரல்

மேலூர் வட்டாரத்தில் ஆவணி பிறந்துவிட்டால் டீக்கடையில் ஒரே பேச்சுதான். "வைகையில எத்தனை அடி?" என்று ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் வருவதற்குள், "பெரியாத்துல எத்தனை?" என்று இன்னொருவர் கேட்பார். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த இரண்டு எண்களையும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூட தூக்கத்தில் சொல்லும்.

காரணம், இது ஒருபோகப் பூமி. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய், கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்குப் பாய்கிறது. அதற்குக் கீழே இருக்கும் மேலூர்ப் பகுதிக்கு வருஷத்துக்கு ஒரு போகம்தான். அணைகளில் இருப்பு இருந்தால் செப்டம்பர் நடுவில் திறப்பார்கள். வழக்கமாக 120 நாள் தண்ணீர். அதில் 45 நாள் தொடர்ந்து ஓடும், மீதி 75 நாள் முறை வைத்து விடுவார்கள். மழை ஏமாற்றினால் திறப்பு ஐப்பசிக்குத் தள்ளிப்போகும். சில வருஷம் இல்லாமலே போனதும் உண்டு.

அதனால் இங்கே நெல் போடுகிறவருக்கு விதைக்கும் உரத்துக்கும் முன்னால் தேவைப்படுவது ஒரு தேதி. மதகு எந்த நாள் திறக்கிறார்கள்? கிணற்றுத் தண்ணீரை நம்பி முன்கூட்டியே நாற்றுப் பாவி, திறப்பு தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். ஐ.ஆர். 20 மாதிரி நாலரை மாத ரகத்துக்கு 25 முதல் 30 நாள் நாற்றுதான் தோது. நாற்பது நாளைத் தாண்டிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. தேதி தெரியாமல் தாமதமாகப் பாவினாலோ, தொடர்ந்து ஓடுகிற 45 நாளில் பாதி நாற்றங்காலிலேயே கழிந்துவிடும். கால்வாய் நின்ற பிறகு பால் பிடிக்கிற கதிரை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்தத் தேதியை மேலூர்க் கிராமங்களுக்கு ரொம்ப காலம் கொண்டுவந்து சேர்த்தது ரேடியோ.

மேலூருக்குக் கிழக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் எழுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நஞ்சை, கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை. ரேடியோவைப் பற்றிக் கேட்டால் பாட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று யாரும் நினைப்பார்கள். அவர் முதலில் பேசுவது தண்ணீரைப் பற்றி. "தண்ணி தலைமடைக்காரனுக்கு மொதல்ல போகும். நமக்குக் கடைசியா வரும், அதுவும் வந்தாத்தான். ஆனா ரேடியோச் சேதி மட்டும் அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்துல வந்துச்சுல்ல?"

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். ரேடியோவுக்கு முன்னால் திறப்புத் தேதி மேலூர்ச் சந்தைக்குப் போய் வந்தவர் வாயிலிருந்தோ, கரைக்காரர் வாயிலிருந்தோதான் தெரியும். தலைமடையில் நாற்றுப் பாவி முடித்த பிறகு கடைமடைக்குச் சேதி வந்த வருஷங்களை அவருடைய தகப்பனார் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாராம்.

அவர் சிறுவனாக இருந்தபோது ஊருக்கு ஒரே ரேடியோ. பஞ்சாயத்து ரேடியோ. அதற்கென்று ஒரு சின்ன அறை, மேலே குழாய் ஸ்பீக்கர். சாவி தலையாரி வீட்டில் இருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திறந்து போடுவார். பெரியவர்கள் திண்ணையில், பிள்ளைகள் மணலில், பெண்கள் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில். அப்போது மதுரையில் நிலையம் கிடையாது. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் இந்தப் பக்கத்துக்கு எல்லாம். 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்தது. மேலூர் திருச்சி ரோட்டில் இருப்பதாலோ என்னவோ, இங்கே எல்லோரும் திருச்சிப் பக்கம்தான்.

திருச்சியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு அந்தக் காலத்தில் செய்த காரியம் சாதாரணமில்லை. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. அதன் சாகுபடியைத் திருச்சி வானொலி நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் விதை வாங்கப் போன இடத்தில் ஆடுதுறை 27 என்று கேட்கவில்லை, 'ரேடியோ நெல்' இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஒரு நெல்லுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள், கண்டுபிடித்த நிலையத்தின் பெயர் வைப்பார்கள். சேதி சொன்ன பெட்டியின் பெயரை வைத்தது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

மேலூரில் அந்த நெல் அவ்வளவாக ஓடவில்லை என்கிறார் பெரியவர். ஆனால் அந்தப் பெயர் இங்கும் வந்து சேர்ந்தது. பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டதை மறுநாள் வயலில் வைத்து வாதாடுவார்கள். "ரேடியோவுலயே சொல்லிப்புட்டாய்ங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இலங்கையும் வேப்பமரத்துக் கம்பியும்

சொந்தமாக டிரான்சிஸ்டர் வாங்கியது கல்யாணத்துக்குப் பிறகு. நல்ல கடலை வெள்ளாமை வந்த வருஷம். தோல் உறை போட்ட மூன்று பேண்டு பெட்டி, உள்ளே நாலு எவரெடி கட்டை. அத்தோடு தபால் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகம் ஒன்று. வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை ஒட்ட வேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். 1980-களின் நடுவில்தான் அந்த முறை ஒழிந்தது. அதிகாரி வருகிறார் என்றால் பெட்டியைக் குதிருக்குள் ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு.

பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு அதன் மேல் அதிகாரம் வீட்டுக்கார அம்மாவுக்குப் போய்விட்டது. காலையில் ஏழே காலுக்கு டில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி மட்டும் அவருக்கு. சரோஜ் நாராயணசுவாமி பெயர் சொல்லி வாசிக்கத் தொடங்கினால் மாட்டுக்குத் தவிடு கலக்குகிற கை நிற்கும். 2022-இல் அவர் காலமான சேதி வந்தபோது, அந்த முகத்தை ஒருநாளும் நேரில் பார்க்காத இந்தப் பெரியவர் அன்றைக்குச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாராம். செய்தி முடிந்த மறுநிமிஷம் முள்ளு இலங்கைக்குத் திரும்பிவிடும்.

இலங்கை வானொலி தமிழ்நாட்டுக் கிராமங்களில் அப்படி எடுத்ததற்குக் காரணம் நிகழ்ச்சிகள் மட்டும் இல்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவர்களுடைய குரல் பெரிய இழுப்புதான். ஆனால் அந்தக் குரல் இவ்வளவு தெளிவாக வந்து சேர்ந்ததற்கு நடுவில் இருந்த கடலும் ஒரு காரணம். மீடியம் வேவ் அலை பகலில் தரையைப் பற்றிக்கொண்டு போகும். உப்புத் தண்ணீர் அதை நன்றாகக் கடத்தும். ஈர மண் பரவாயில்லை. காய்ந்த தரையும் பாறையும் அலையைத் தின்றுவிடும். மேலூரோ கிரானைட் பாறைக்குப் பேர்போன பூமி. அதனால்தான் கடல் தாண்டி வந்த கொழும்பு, தரை வழியே வந்த சில உள்ளூர் நிலையங்களைவிட நன்றாகக் கேட்டது. பொழுது சாய்ந்த பிறகு கதை வேறு. பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு அடுக்கு வானத்தின் உயரத்தில் இருக்கிறது, இரவில் அது மறைந்துவிடும். அதற்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டு அலை திரும்பி இறங்கும். பகலில் கேட்காத தூரத்து நிலையமெல்லாம் ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவது அதனால்தான்.

இந்த விஞ்ஞானமெல்லாம் தெரியாமலே ஊரில் எல்லோரும் ரேடியோ மெக்கானிக்தான். பெட்டியைக் கிழக்கு மேற்காக வைத்தால் ஒரு நிலையம், தெற்கு வடக்காக வைத்தால் இன்னொன்று. உள்ளே இருக்கும் கரிய நிறக் கம்பி அந்த நிலையத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். அது போதாதென்று செம்புக் கம்பியை வேப்பமரத்தில் கட்டி, மறுமுனையைப் பெட்டியில் நாலு சுற்றுச் சுற்றுவார்கள். மழை பெய்து தரை நனைந்த மறுநாள் திருச்சி கணீரென்று கேட்கும். தூரத்தில் இடி மின்னல் இருந்தால் பெட்டி கரகரக்கும். வானத்தில் மேகம் தெரியாதபோதே, "பெட்டி கத்துது, கடலையைக் கூட்டி அள்ளுங்க" என்று வீட்டுக்கார அம்மா களத்துக்கு ஆள் அனுப்புவார். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் பக்கத்து வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டராக இருக்கும்.

1987-இல் மதுரை வானொலி நிலையம் வந்தது. சொக்கிகுளத்தில் நிலையம், 1269 கிலோஹெர்ட்ஸ், 20 கிலோவாட். மேலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். கம்பி கட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம், பேச்சு நம் பேச்சாகிவிட்டது. வழியில் ஒத்தக்கடையில் 1965 முதல் இருக்கும் வேளாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்கள், தெரிந்த ஊர்ப் பெயரைச் சொல்லித் தெரிந்த பூச்சியைப் பற்றிப் பேசினார்கள். வைகை, பெரியாறு நீர்மட்டம் மற்ற அணைகளோடு ஒன்றாக இல்லாமல் நம் அணைகளாக வாசிக்கப்பட்டது.

வீட்டுக்கார அம்மா ஒரு தடவை கேள்வி எழுதிப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். கோடை வந்தால் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு சாகின்றன, என்ன செய்வது? சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அது வெள்ளைக் கழிச்சல் நோய், வந்த பிறகு மருந்து இல்லை, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும், வெயில் காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று ஒரு கால்நடை டாக்டர் விளக்கினார். கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் முதலில் வாசிக்கப்பட்டன. மதுரைக்காரர் வாயில் ஊர்ப் பெயர் கொஞ்சம் நசுங்கி வந்தது. இருந்தாலும் அந்தத் தெருவில் அன்றைக்குத் தூங்கினவர்கள் குறைவு. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கோழிகளுக்கு ஊசி தவறியதில்லை. பார்த்துப் பார்த்து மற்ற வீடுகளும் மருந்தாஸ்பத்திரிக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு போயின.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

இன்றைக்கு அதே வீட்டில் அதே 1269-ஐ வைத்தால் இரைச்சல்தான் முன்னால் வருகிறது. ஸ்டேஷனில் சக்தி குறைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. பல வீடுகளில் உண்மைக் காரணம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், டி.வி. செட்டாப் பாக்ஸ், சோலார் பம்புசெட்டின் கன்ட்ரோலர் எல்லாமே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. மலிவான சரக்கில் அந்த வெட்டின் இரைச்சலை அடக்கும் பாகத்தைச் சேர்ப்பதில்லை. அது நேராக மீடியம் வேவ் பேண்டில் போய் விழுகிறது. காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலி என்றால் விநாடிக்கு ஒருதரம் 'டிக், டிக்' என்று தனியாகவே கேட்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி வீட்டுக்குள். மறுபடி மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்கலாம். பல நேரம் ஒரே ஒரு பல்பாக இருக்கும். போகவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரண்டுக் கம்பியை விட்டு நூறடி தள்ளி வரப்புக்குப் போய்விடுங்கள். வயலில் ரேடியோ நன்றாகக் கேட்பதன் காரணம் காற்று இல்லை, கம்பி இல்லாததுதான்.

பண்பலைக்கு இந்த இரைச்சல் அவ்வளவாக இல்லை. கொடைக்கானல் வானொலி 100.5-இல் வருகிறது. அதன் பலம் உயரம். இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே நின்றுகொண்டு பேசுவதால், பண்பலை அலை நேர்க்கோட்டில்தான் போகும் என்றாலும் மதுரைச் சமவெளி முழுக்க அதன் கண்ணில் படுகிறது. ஆனால் நேர்க்கோடு என்பதே அதன் பலவீனமும். அழகர்மலையின் நிழலில் இருக்கும் ஊர்களில் ஒரு தெருவில் கேட்கும், அடுத்த தெருவில் அலையும். அங்கே ஏரியல் கம்பியை முழுக்க இழுத்து, முக்கால் மீட்டர் நீளத்துக்கு நிமிர்த்தி, மொட்டைமாடியில் வைத்தால் வித்தியாசம் தெரியும். செல்போனில் கேட்பவர்களுக்கு இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடுக்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. எல்லா செல்போனிலும் எஃப்.எம். இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் தயாரிப்பாளர்களிடம் சொன்னது. கடையில் வாங்கும்போது கேட்டு வாங்குவது நல்லது.

மதுரையில் தனியார் பண்பலைகள் வந்து பல வருஷமாயிற்று. பாட்டுக்குக் குறைவில்லை. கலகலப்பான பேச்சு, மதுரைத் தமிழ் எல்லாம் உண்டு. ஆனால் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. அதோடு விளம்பரம் டவுனில் இருக்கிறது, கடைமடையில் இல்லை. பெரியவரின் பேரன் நாளெல்லாம் அதைத்தான் கேட்கிறான். "அய்யா, உங்க ரேடியோல பாட்டே வராது" என்கிறான். "உன்னோடதுல தண்ணியே வராதேடா" என்கிறார் அவர்.

தண்ணீர்ச் சேதி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. நல்லதுதான், வேகமாக வருகிறது. வருகிற வேகத்தில் போன வருஷத்துப் படமும் சேர்ந்து வருகிறது. மதகில் மலர் தூவுகிற படம் ஒன்று ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியது. தேதி இல்லை, இடம் இல்லை. அதை நம்பி இரண்டு பேர் விதையை ஊறவைத்துவிட்டார்கள். முளை கட்டிய விதையைத் திரும்ப மூட்டையில் போட முடியுமா? கிணற்றுக்காரரிடம் கெஞ்சி நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் வாங்கினார்கள். திறப்பு அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான். அந்த நாற்று என்ன ஆகியிருக்கும் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தப்பான படத்தை முதலில் அனுப்பியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ரேடியோவில் ஒரு சேதி தப்பென்றால், யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் கரண்டுக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. செல்போன் டவர்கள் நின்றன. சில ஊர்களுக்குக் கரண்டு வர வாரக்கணக்கானது. சார்ஜ் இல்லாத போனில் எத்தனை செயலி இருந்து என்ன? இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடுகிற பெட்டிதான் அப்போது பேசும், அதுவும் எங்கோ ஒரு நிலையம் ஒலிபரப்பிக்கொண்டு இருந்தால். மீடியம் வேவின் அருமை அங்கேதான். ஒரே கோபுரம், பல மாவட்டம்.

பிரசார் பாரதி பல வருஷமாகப் பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நாடு முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறது. பராமரிப்புச் செலவு, கரண்டுச் செலவு, கேட்பவர்கள் குறைவு என்பவை காரணங்கள். பண்பலைக்கும் செல்போன் செயலிக்கும் மாறச் சொல்கிறார்கள். செலவுக் கணக்கு பொய்யில்லை. மதுரை நிகழ்ச்சிகளைச் செயலியில் துபாயிலிருந்துகூடக் கேட்க முடிகிறது, அதுவும் உண்மை. அங்கே வேலை பார்க்கும் மகன் அப்படித்தான் கேட்கிறான். ஆனால் கேட்பவர்கள் குறைவு என்பதை எப்படி எண்ணினார்கள் என்ற கேள்வி இருக்கிறது. வரப்பில் பெட்டியை வைத்துக்கொண்டு களை எடுக்கிற பெண்களை யாரும் எண்ணுவதில்லை. அந்தக் காலத்தில் எண்ணுவதற்கு ஒரு வழி இருந்தது. மூட்டை மூட்டையாக நேயர் கடிதம் வரும். இன்றைக்கு நாம் எழுதுவதை நிறுத்திவிட்டோம், அவர்கள் கேட்பவர் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

போன புரட்டாசியில் அந்த வீட்டிலிருந்து மதுரை வானொலி நிலையத்துக்கு ஒரு அஞ்சலட்டை போனது. அம்மா சொன்னார், இந்தத் தடவை எழுதியது பேத்தி. அணை நீர்மட்டம் வாசிக்கும்போது ஒருபோகப் பாசனத் திறப்புத் தேதியையும் சேர்த்து, காலையிலும் மாலையிலுமாக மூன்று நாள் தொடர்ந்து சொல்லும்படி கேட்டிருந்தார். கீழே இடம் மிச்சமிருந்தது. வெள்ளாட்டுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து எத்தனையாவது மாதத்தில் தொடங்க வேண்டும் என்று அதில் ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதச் சொன்னார்.